சட்டைப் பையில் போன சாவி

என் மருமகள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பவள். சாப்பிடாமல் காத்திருக்கும் ஆட்களிடம் காலையிலேயே போக வேண்டும். அதுவரை இவளும் சாப்பிட மாட்டாள். கேட்டால், "பட்டினியா இருக்கறவங்க முன்னாடி ஏப்பம் விடலாமா அத்தை?" என்பாள். வாய் செத்தவள் என்று அவளை நான் ஏசாத நாளில்லை. ஆனால் கை பஞ்சு. ஊசியை எடுத்த பிறகுதான் குழந்தைகளுக்கு அழ ஞாபகம் வரும்.

என் மகனுக்கு அவள்மேல் கொள்ளை ஆசை. வாயால் சொல்லத் துப்பில்லை. அதற்குப் பதில் தினமும் ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கி, சீட்டைத் துடைத்து, ஸ்டார்ட் செய்து வைப்பான். புது வண்டி. சாவியை எங்கேயும் நுழைக்க வேண்டாம். பையில் இருந்தாலே வண்டிக்குத் தெரிந்துவிடும். என் வீட்டுக்காரர் வைத்திருந்த வண்டி, உதைத்தால் ஓடும். அதற்கு வேறொன்றும் தெரியாது.

அன்று கண் கண்ணாடிக் கடையில் விடுவதாக என்னையும் ஏற்றிக்கொண்டாள். பாதி வழியில் மீட்டரில் சாவிப் படம் மின்னியது. ஓரங்கட்டி என் மகனுக்குப் போன் போட்டாள். அவன் வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தான்.

"ஐயோ, சாவி என் பாக்கெட்லயே வந்துடுச்சு! ஓடற வரைக்கும் ஓடும். அணைச்சா மறுபடி கிளம்பாது. அணைச்சிடாத!"

"உன் புத்தியும் பாக்கெட்லதான் இருக்கான்னு பாருடா!" என்று கத்தினேன்.

அவள் பதறவில்லை. அடுத்தது மூன்றாம் மாடியில் ஒரு கைக்குழந்தை, விடாத காய்ச்சல். அதன் ரத்தம் லேபில் மெஷின் ஓட ஆரம்பிப்பதற்குள் சேர வேண்டும். விட்டால் மறுநாள்தான். அதுவரை என்ன மருந்து கொடுப்பதென்று டாக்டருக்கே தெரியாது.

"லேப் வாசலுக்கு வந்துடுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, வண்டியை ஓடவிட்டே நடு ஸ்டாண்டு போட்டாள். "அத்தை, பார்த்துக்கோங்க. சைடு ஸ்டாண்டைத் தட்டிடாதீங்க, இன்ஜின் நின்னுடும்."

மேலே ஓடிவிட்டாள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காவல் நின்றேன். வழியில் போன ஒருவன், "பாட்டி, பெட்ரோல் வீணாகுதே" என்று பட்டனுக்குக் கை நீட்டினான்.

"தொட்டுப் பாரு. வீட்டுக்குப் போறப்ப கை இருக்காது!"

ஓடியே போனான்.

மேலே குழந்தையின் அழுகை கேட்டது, உடனே நின்றது. ரத்தம் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டி இறங்கி வந்தாள். போகிற வழியில் பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. பங்கில் போட்டால் அணைக்கச் சொல்வார்கள். "நாலு பேர் சாபம் வாங்காம போய்ச் சேரு தாயே" என்று வண்டியிடமே கெஞ்சினேன்.

லேப் வாசலில் மகன் வியர்வையில் குளித்து நின்றான். அவள் அவனைத் தாண்டி உள்ளே ஓடி, பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்துதான் வண்டியை அணைத்தாள்.

"மெஷின் இன்னும் போடலை" என்றாள்.

அவன் தலை குனிந்து, "திட்டிடு" என்றான்.

"நல்லா திட்டுடி!" என்றேன் நான்.

அவள் அவன் சட்டைப் பையில் கைவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

இப்போது சாவி அவள் கழுத்தில் கயிற்றில்தான் தொங்குகிறது. இருந்தும் தினமும் வண்டி ஏறுமுன் அவன் பைக்குள் கைவிட்டுத் தேடுகிறாள். அவனும் அசையாமல் நின்று கொடுக்கிறான். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டுகிறேன்.