தாளிக்காத கேரட்

சூலூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும், எண்ணெயைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். ஒருவருக்கு மட்டும் தனியாகச் சமைத்தால் அவரை ஒதுக்கிவைத்தது போலாகும் என்பது எங்கள் வீட்டு எண்ணம். ஆகவே அம்மா நால்வருக்கும் ஒரே பத்தியம் வைத்தார். எண்ணெய், நெய், தேங்காய் மூன்றும் நின்றன. பாலிலும் ஆடை எடுக்கப்பட்டது.

மாதங்கள் சென்றன. பொழுது சாயும் வேளையில் என் தங்கை வாசற்படியில் தடுக்கி விழத் தொடங்கினாள். கீழே விழுந்த பென்சிலைக் கையால் துழாவித் தேடினாள். அம்மா பதறினார். கண்ணுக்கு நல்லதென்று அக்கம்பக்கத்தார் சொன்ன கேரட்டையும் முருங்கைக்கீரையையும் தினமும் வேகவைத்துத் தாளிக்காமல் ஊட்டினார். தடுமாற்றம் நிற்கவில்லை.

ஏழாம் வகுப்பு அறிவியலில் நானே முதல் மாணவி. ஒரு மாலை, அம்மா ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கையில் பாடத்தை உரக்க ஒப்பித்தேன். ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. உணவிலுள்ள கொழுப்பைப் பித்தநீர் நுண்துளிகளாக்க, அவற்றோடு சேர்ந்தே குடல் இவற்றை உறிஞ்சுகிறது.

தையல் இயந்திரம் நின்றது.

"கேரட்டுல இருக்கறது எது கண்ணு?"

"வைட்டமின் ஏ-ங்கம்மா."

"அப்ப எண்ணெயே இல்லாமத் தின்னா?"

"அது பரீட்சையில வராதுங்கம்மா," என்றேன்.

மறுநாளே எங்கள் இருவரையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். தங்கைக்கு வைட்டமின் ஏ குறைபாடுதான் என்று மருத்துவர் உறுதி செய்து மருந்து கொடுத்தார். எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் அடியோடு நிறுத்துவதா, அதுவும் வளரும் குழந்தைக்கு என்று கடிந்துகொண்டார். பிறகு, இதை யார் கண்டுபிடித்தது என்று வியப்போடு கேட்டார்.

அம்மா என்னை முன்னே தள்ளினார். "எங்க பெரிய அம்மணிதானுங்க. படிச்சுச் சொல்லுச்சுங்க."

சில வாரங்களில் தங்கை அந்தியில் தடுக்கி விழாமல் ஓடினாள். அப்பா தறிக்கூடம் முழுவதும் என் அறிவைப் பறைசாற்றினார். வகுப்பே கைதட்டியது. நானும் நெடுநாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

எனக்குத் தெரிந்திருந்தது விடை மட்டுமே. கேள்வி கேட்டவர் அம்மா, எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். இன்று என் பெருமையெல்லாம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். மருத்துவமனையிலிருந்து திரும்பும் பேருந்தில் அவர் தங்கையை மடியில் இறுக்கிக்கொண்டு, அவள் தலையில் முகம் புதைத்தபடி வந்தார். களைப்பு என்று நினைத்தேன். பாராட்டு முழுவதையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் பழி முழுவதையும் தாமே வைத்துக்கொண்ட ஒருவர் பக்கத்தில் அமர்ந்திருந்தது எனக்கு அப்போது தெரியாது.