கூரையைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை

திண்டிவனம் ரயிலடிக்குப் பின்னால் இட்லிக் கடை வைத்திருந்த செபஸ்தியம்மாள், கோலியனூர்ப் பக்கம் பிறந்து அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவள். லாரி ஓட்டுகிற அந்தோணிசாமிக்கு வாக்கப்பட்டு இந்த ஊருக்கு வந்தாள். மகள் எலிசாவைச் சேர்த்த பள்ளிக்கூடத்தில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஒன்று பேருக்கு இருந்தது. கூட்டம் என்று சொல்லியனுப்பினால் ஆள் வராது. இவள் மட்டும் வருவாள். மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முடிந்ததும் டீ கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள். அதனாலேயே அவளைக் கமிட்டியில் போட்டார்கள்.

"படிச்சவங்க இருக்கறப்ப நான் எதுக்குங்க?" என்றாள்.

"படிச்சவன் எவன் வர்றான்? நீ இருந்தா டீ கிளாசாவது சுத்தமா இருக்கும்," என்று சிரித்தார் தலைவர் துரைக்கண்ணு.

துரைக்கண்ணு பந்தல்காரர். மூணாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் தவித்தபோது, பெரிய கீற்றுக் கொட்டகை ஒன்றைத் தன் ஆட்களோடு தானும் ஏறிக் கட்டி இனாமாகப் போட்டுக் கொடுத்தவர். அதைச் சொல்லாமல் அவர் எந்தக் கூட்டத்தையும் முடித்ததில்லை. எலிசா படித்தது அந்தக் கொட்டகையில்தான்.

இரண்டாயிரத்து நாலு ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றிப் பள்ளிக்கூடம் எரிந்து பிள்ளைகள் செத்துப்போன சேதி வந்தது. டீக்கடை டிவியில் திரும்பத் திரும்ப அதையே காட்டினார்கள். செபஸ்தியம்மாளுக்கு மாவு கரைக்கக் கை வரவில்லை. தெருவில் பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்; பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். நிறுத்தினால் மட்டும் தெரியாமல் போகுமா? எலிசா எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அன்று முதல் அந்தப் பிள்ளை ஒரு இடத்தில் நிற்கவில்லை. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தால் தெருவுக்கு ஓடிவிடுவாள். கொட்டகையில் முதுகுப் பையைக் கழற்றாமலே, எந்த நேரமும் எழுந்து ஓடுகிறவள் மாதிரி பெஞ்சு நுனியில் உட்காருகிறாள் என்று பவானி டீச்சர் சொன்னார்கள். எலிசா மட்டுமில்லை, பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் இருந்தார்கள்.

"நம்ம ஊர்ல அப்படில்லாம் ஒண்ணும் ஆவாது கண்ணு," என்று செபஸ்தியம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லும்போதே அவள் கண் கொட்டகைக் கூரைக்குத்தான் போனது.

கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. "ரெண்டு நாள்ல மறந்துடும், விடுங்க," என்றார் துரைக்கண்ணு. அப்போதுதான் செபஸ்தியம்மாள் முதல் தடவையாக எழுந்து பேசினாள்.

"கல்லறைத் திருநாள் அன்னிக்கு நாங்க செத்தவங்களுக்கு மெழுகுவத்தி ஏத்தி வெச்சி செபம் பண்ணுவோங்க. ஏத்திட்டு வந்தா மனசு கொஞ்சம் ஆறும். நம்ம புள்ளைங்க கையால அந்தப் புள்ளைங்களுக்கு ஆளுக்கொண்ணு ஏத்தலாங்க."

எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. படித்த தலைமையாசிரியருக்கும்கூட வேறு ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பின்னால் கொட்டகை. மெழுகுவத்தியை ஒருத்தர் மாற்றி ஒருத்தர் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. சுடரெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது, கொட்டகைப் பக்கமாக.

"கூரை! கூரை!" என்று கத்தினாள் எலிசா.

அவ்வளவுதான். பிள்ளைகள் வத்தியை அங்கங்கே போட்டுவிட்டு கேட்டைப் பார்த்து ஓடினார்கள். கேட்டு பூட்டியிருந்தது. சாவியை வைத்திருந்த வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் அலறின அலறல் ரயிலடி வரைக்கும் கேட்டது. ஒன்றும் பற்றிக்கொள்ளவில்லை. முட்டி சிராய்த்ததும் சட்டை கிழிந்ததும்தான். ஆனால் மறுநாள் பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது.

பக்கத்துத் தெரு ஜெயம்மாள் கடை வாசலிலேயே வந்து நின்று கேட்டாள்.

"உங்க சாமிக்கு ஏத்தறதுன்னா உங்க கோயில்ல ஏத்திக்க வேண்டியதுதானே? எம் புள்ள கையில எதுக்குடியம்மா நெருப்பக் குடுத்த? தூக்கத்துலகூட கேட்டப் புடிச்சிக்கினு நிக்குது!"

செபஸ்தியம்மாள் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் எப்போதோ வடிந்துவிட்டது. அன்று கோயிலுக்குப் போய் மாதா முன்னால் முட்டி போட்டாள். பீடத்தில் எரிந்த மெழுகுவத்திகளைப் பார்க்க முடியாமல் செபமாலையைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். நல்லது நினைத்துத்தானே செய்தோம் தாயே, ஏன் இப்படி ஆச்சு என்று நடந்துகொண்டே கேட்டாள். எலிசாவின் படிப்பு இதோடு நின்றுவிடுமோ என்று பயந்தாள். தன்னைப் போல இதுவும் அடுப்படியிலேயே கிடந்துவிடுமோ? இதுதான் அடுப்படிக்கே வர மாட்டேன் என்கிறதே.

வீட்டில் எலிசா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்குடி பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கற?"

"நா அங்க போனா நீ இங்க இருப்ப."

"பின்ன? கடைய யாரு பாக்கறது?"

"அந்தப் புள்ளைங்க அம்மாங்களும் வீட்லதானே இருந்திருப்பாங்க?"

செபஸ்தியம்மாள் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெருப்பு வந்தா எந்தப் பக்கம் ஓடறது, யாரு கேட்டத் தொறப்பாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாதுன்னே சொல்றீங்க," என்றாள் பிள்ளை.

செபஸ்தியம்மாள் அப்படியே கிளம்பி ஜெயம்மாள் வீட்டுக்குப் போனாள். "திட்டணும்னா அப்பறமா திட்டு. ஜல்தியா புள்ளையக் கூட்டிக்கினு ஸ்கூலுக்கு வா," என்றாள். வீடு வீடாக அதையே சொல்லிக் கூப்பிட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம் கூடியது. இந்தத் தடவை பிள்ளைகளும் இருந்தார்கள்.

"புள்ளைங்கள வெச்சிக்கினு கமிட்டி நடத்தறதா? நல்ல பேஜாரு," என்றார் துரைக்கண்ணு.

"நாம என்னா செய்யறதுன்னு நாமளே பேசினோங்க. பயந்தது அதுங்க. அதுங்களக் கேக்கவே இல்லீங்க," என்றாள் செபஸ்தியம்மாள்.

முதலில் பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஜெயம்மாளின் மகன் மணிமாறன், கேட்டைப் பூட்டக் கூடாது என்றான். கொட்டகைக்கு இன்னொரு பக்கமும் வழி வேண்டும் என்றது ஒரு பிள்ளை. அம்மா யாராவது கிட்டவே இருக்கணும் என்றது இன்னொன்று. எலிசா எழுந்து கூரையைக் கை காட்டினாள்.

"அது வேணாம்."

துரைக்கண்ணுவின் முகம் சுருங்கிவிட்டது. "நல்ல கீத்துமா அது. எம் பொண்ணு கல்யாணத்துக்குக்கூட நான் அப்படி வேயல."

"காஞ்ச கீத்துதானே தாத்தா," என்றாள் எலிசா.

அவர் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். மேலிடத்து உத்தரவு வரட்டும், தலைவர் மனசைப் புண்படுத்த வேண்டாம் என்றார். அன்று செபஸ்தியம்மாள் கிளாசுகளைக் கழுவவே மறந்து வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மனசு கேளாமல் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனாள். கொட்டகை மேல் ஒரு ஆள். துரைக்கண்ணுதான். கட்டுக்கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"பூசை முடிஞ்சிதா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "அப்ப வந்து ஏணியப் புடி. எந்தக் கை கட்டிச்சோ அந்தக் கைதான் பிரிக்கணும். வேற எவனும் மேல ஏறக் கூடாது."

சேதி பரவி எல்லாரும் வந்துவிட்டார்கள். கீழே விழுந்த கீற்றைப் பிள்ளைகள் இழுத்து இழுத்து ரோட்டோரம் போட்டார்கள். மணிமாறன் ஒரு கீற்றின் மேல் ஏறிக் குதித்தான். எலிசா தூரத்தில் நின்று பார்த்தாள். கடைசிக் கீற்று இறங்கிய பிறகுதான் கிட்ட வந்தாள். வந்து தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து வேப்பமரத்தடியில் கவிழ்த்தாள்.

"என்னாடி பண்ற?"

"அந்தப் புள்ளைங்களுக்கு. சுட்டிருக்கும் இல்லமா."

யாரும் சொல்லிக் கொடுக்காமலே மற்றப் பிள்ளைகளும் குழாயடிக்கு ஓடின. ஜெயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, செபஸ்தியம்மாளின் தோளை ஒரு தடவை அழுத்திப் பிடித்தாள்.

திங்கட்கிழமை மூணாம் வகுப்பு மரத்தடியில் நடந்தது. கேட்டு திறந்திருந்தது. முறை வைத்துக்கொண்டு அம்மாக்கள் வாசலில் உட்கார்ந்தார்கள். முதல் முறை ஜெயம்மாளுக்கும் செபஸ்தியம்மாளுக்கும். எலிசா கேட்டுக்கு வெளியிலேயே நெடுநேரம் நின்றாள்.

"எழுந்து போறதுன்னா சொல்லிட்டுத்தான் போவணும்," என்றாள் அம்மாவிடம்.

"சொல்லிட்டுத்தான் போவேன்."

உள்ளே போனாள். ரொம்ப நேரம் கழித்து முதுகிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் செபஸ்தியம்மாளுக்கு மூச்சு சரியாக வந்தது.

ஆனாலும் அந்தப் பதைப்பு அவளை முழுசாக விடவில்லை. கல்யாண மண்டபம் போனாலும் ஆஸ்பத்திரி போனாலும் வெளியே போகும் வழியைக் கண்டுகொண்ட பிறகுதான் உட்காருவாள். வருஷா வருஷம் ஜூலை மாசம் மெழுகுவத்தி இல்லாமல் அந்த வேப்பமரத்துக்குப் பிள்ளைகளோடு தண்ணீர் ஊற்றினாள். பத்து வருஷம் போல ஓடியது. எலிசா விழுப்புரத்தில் காலேஜ் சேர்ந்தாள். ஆஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த செபஸ்தியம்மாள், கையில் போனை வைத்துக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மணி அடித்தது.

"சாப்டியா கண்ணு? ரூம் எப்படிடி இருக்கு?" என்றாள்.

"நல்லாருக்குமா," என்றாள் எலிசா. "பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் படிக்கட்டு இருக்கு."