காய்ப்பு என்றுதான் நினைத்தேன்

எங்கள் கைகள் காய்த்த கைகள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக உட்கார்ந்து, பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிறவர்களுக்கு உள்ளங்கை காய்க்காமல் இருக்காது. விரலில் படுவது சிப்பியா, இறாலா, நண்டுக்காலா என்று பார்க்காமலே சொல்வேன். பழவேற்காட்டில் என் கைக்கு ஒரு பேர் உண்டு. அதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னோடு ஏரியில் இறங்குவாள். ஓர் ஐப்பசியில் அவளுடைய வலது புறங்கையில் ஓரிடம் தடித்து, வெளுத்து, மினுமினுவென்று இருந்தது. ஓரத்தில் லேசான ஊதா. வலி இல்லை, அரிப்பு இல்லை. இந்த வயதிலேயே கை பதமாகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. வரிசையில் இருந்தவர்களிடமெல்லாம் அந்தக் கையைப் பிடித்துக் காட்டினேன்.

என் நாத்தனார் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு முகம் மாறினாள்.

“இன்னா அண்ணி, காய்ப்புன்னா உள்ளங்கையிலதான வரும்? இது புறங்கையில கீது. மேல ஏறுது பாரு.”

“உன் பொண்ணு தண்ணியக் கண்டாலே ஓடறா. உனக்கு வயித்தெரிச்சல்டி.”

“ஆமா, எரியுது. போய் மோர் குடிச்சிக்கிறேன். நீ மொதல்ல டாக்டராண்ட காட்டு.”

அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன். வரிசையில் அவள் பக்கத்தில் உட்காருவதையும் விட்டேன். அந்தத் தடிப்பு ஒரு பட்டைபோல முழங்கை வரை ஏறியது. தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தேன்.

தை மாதம் ஒருநாள் தண்ணீரில் என் பக்கத்தில் இருந்த மகள் அழுதாள்.

“யம்மா, இறாலு கையில படுது. பிடிக்க முடியல. வெரலு மூடவும் மாட்டேங்குது, நீட்டவும் மாட்டேங்குது.”

ஈரப்புடவையோடு நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். மகளின் கையைப் பார்த்தவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. “பொன்னேரிக்கு இப்பவே பஸ் இருக்கும், கெளம்பு” என்றாள்.

அவளும் கூடவே வந்தாள். பொன்னேரியில் பார்த்துவிட்டு சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கும் டாக்டரம்மா அந்தத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கப் பார்த்தார். எழும்பவே இல்லை. கும்பிடச் சொன்னார். இரண்டு உள்ளங்கையும் ஒட்டவில்லை. நடுவில் ஓர் இறால் படுக்கும் அளவுக்கு இடைவெளி.

“எத்தனை நாளா இருக்கு?”

“போன மாசந்தான்” என்றேன்.

“இல்ல டாக்டர், ஐப்பசிலேர்ந்து” என்றாள் மகள். “அத்தை அப்பவே சொல்லிச்சு.”

நாத்தனார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுக்கு ஸ்க்ளீரோடெர்மான்னு பேரு” என்றார் டாக்டரம்மா. “உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தப்பா தன் தோலைத் தாக்குது. அதான் இறுகுது. சேத்துல வந்ததில்ல, சாப்பாட்டுல வந்ததில்ல, யாருக்கும் ஒட்டாது. இப்படிப் பட்டையா வர்றது பெரும்பாலும் நெஞ்சு, நுரையீரல்னு உள்ள போகாது. ஆனா இது வளர்ற கை. மூட்டைப் பிடிச்சா வெரலு மடங்கியே நின்னுடும். இனிமே இறுகாம நிறுத்தப் பார்க்கலாம். போனதெல்லாம் திரும்பும்னு சொல்ல மாட்டேன்.”

வாரம் ஒருநாள் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, தினமும் விரலை நீவி நீட்டும் பயிற்சி. வருடக்கணக்கில் நடந்தது. மாத்திரை நாளில் மகளுக்குக் குமட்டும். அத்தை வந்தால்தான் சிரிப்பாள். மறுபடி ஏரியில் இறங்கியபோது, ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள். நாத்தனார் எழுந்து வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “பறிய கடி அண்ணி, இறாலு போவுது” என்றாள்.

மற்ற விரல்கள் நீண்டன. மோதிர விரலும் சுண்டு விரலும் முழுதாக நீளவில்லை. மகள் இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்றும் அவள் கும்பிடும்போது என் கண் அந்த இடைவெளிக்குத்தான் போகிறது. ஐப்பசியிலேயே போயிருந்தால் ஒட்டியிருக்குமோ என்னவோ. டாக்டரம்மாவிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

நான் பார்ப்பது மகளுக்குத் தெரியும்.

“இதுல சென்னாகுன்னிப் பொடி இறாலு கூட நுழையாதும்மா” என்பாள். “சாமியப் பாரு.”