இரண்டாம் கியரில் அவிநாசி வரை

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் போர்வைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. எடுத்தால் ரங்கன். துடியலூர் பம்புக் கம்பெனியில் என்னோடு ஃபோர்மேனாக வேலை பார்த்தவர். "அம்மணி, தங்கமுத்து அண்ணன் போயிட்டாருங்க. காலையில காப்பி குடிச்சுப்போட்டு சேர்ல சாஞ்சவருதானுங்க" என்றார். நான் சரி என்று சொல்லி போனை வைத்தேன். கடைக்காரர் சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் ஆயுளில் அப்படி நான் செய்ததில்லை. டவுன் பஸ் நிற்கும் இடத்தில் போர்வைப் பையை அணைத்துக்கொண்டு நின்று நன்றாக அழுதேன்.

தங்கமுத்து அண்ணன்தான் அந்தக் கம்பெனியின் முதலாளி. ஆபீஸ் முழுக்க என் பொறுப்பு. கடிதம், டெலிபோன், ஆங்கிலம், சண்டை எல்லாம் என் இலாகா. மோட்டார், மனிதர்கள், சாந்தம் எல்லாம் அவர் இலாகா. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இந்த நாட்களில் அவருடைய தங்கமான குணத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறீர்கள். சொல்லுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்தக் குணத்தோடு ஒரே கூரையின் கீழ் உத்தியோகம் பார்த்தவள் பட்ட பாட்டையும் யாராவது சொல்ல வேண்டாமா?

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "கெட்டதுக்கு அப்புறம் பாக்கறது வைத்தியமுங்க அம்மணி. கெடறதுக்கு முன்னால பாக்கறதுதான் மெயின்டனன்ஸுங்க" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு சித்திரை மாதம், நட்ட நடு மத்தியானத்தில், என் தலைக்கு மேல் சுகமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை இறக்கி, அக்கக்காகக் கழற்றி என் மேசை மேலேயே பரப்பி வைத்தார். "இது கெடவே இல்லீங்களே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். "அதனாலதானுங்க கழட்டறேன்" என்றார். அன்றைக்கு நான் விசிறிக்கொண்ட விசிறலில் டைப் அடித்த கடிதங்கள் எல்லாம் பறந்தன.

தொண்ணூறுகளின் நடுவில், வெளிநாட்டுச் சாமான்கள் மெல்ல உள்ளே வரத் தொடங்கிய காலத்தில், இந்த மனிதர் இத்தாலியிலிருந்து ஒரு பந்தயக் கார் வரவழைத்தார். சிவப்பு நிறம். என் இடுப்பு உயரம்தான் இருக்கும். லாரியிலிருந்து இறக்கி, கம்பெனி வாசலில் நிறுத்தி, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ரங்கன் ஆசையாக முன்மூடியைத் தூக்கினார். உள்ளே வெறும் பெட்டி. குனிந்து பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "அண்ணா, இஞ்சின் வெக்க மறந்துபோட்டானுங்க" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேரே டைப்ரைட்டரில் உட்கார்ந்து பம்பாய் ஏஜென்டுக்கு ஒரு கடிதம் அடித்தேன். இஞ்சின் இல்லாமல் கார் விற்பது உங்கள் ஊரில் எத்தனை தலைமுறையாக நடந்துவரும் தொழில் என்று கேட்டிருந்தேன். அண்ணன் அதை முழுக்கப் படித்தார். "இங்கிலீஷு நல்லா வந்திருக்குதுங்க அம்மணி" என்றார். "அனுப்பறதுக்கு முன்னால ஒரே ஒரு விசயமுங்க. லாரியிலருந்து இதை ஓட்டித்தானுங்களே எறக்குனாங்க." பின்மூடியைத் திறந்தால், கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இஞ்சின் உட்கார்ந்திருந்தது.

இத்தனை பெரிய கம்பெனி முதலாளிக்கு இரண்டே பேர் உட்காரும் கார் எதற்கு என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். அவர் வீடு கூட்டுக் குடும்பம். அண்ணன், தம்பி, அத்தைகள், பிள்ளைகள் எல்லாருக்குமாக ஓர் அம்பாசிடர். கோயிலானாலும் துக்கமானாலும் எட்டுப் பேருக்குக் குறையாமல் ஏறுவார்கள். அண்ணன் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். "அம்பாசிடர்ல நான் முன்னால, ருக்குமணி பின்னால. மடியில ஒரு குழந்தை, காலடியில தூக்குப்போசி. கல்யாணமானதுலருந்து அவ என்ற பின்னந்தலையத்தானுங்க பாத்திருக்கறா. இதுல மூணாவது ஆளு ஏற முடியாதுங்க அம்மணி. அதுக்குத்தானுங்க."

எட்டுப் பேரை இறங்கச் சொல்வதைவிட இத்தாலியிலிருந்து கார் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவரும் ருக்குமணி அக்காவும் அவிநாசி கோயிலுக்குக் கிளம்புவார்கள். கார் தரையோடு தரையாகப் போவதால் வேகத்தடை வந்தால் வயிறு தட்டும். அதனால் ரங்கனும் இன்னொருவரும் மொபெட்டில் இரண்டு பலகையோடு முன்னால் போவார்கள். மேடு வந்தால் பலகை போடுவார்கள். கார் ஏறி இறங்கும், பலகையை எடுத்துக்கொண்டு அடுத்த மேட்டுக்கு ஓடுவார்கள். பெரிய ரோடு வந்ததும் திரும்பி வந்துவிடுவார்கள். மாரியம்மன் சப்பரம்கூட எங்கள் பக்கத்தில் இத்தனை பரிவாரத்தோடு போனதில்லை. அக்கா மடியில் யார் குழந்தையும் இல்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், ஜன்னல் வழியாக எல்லாருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே போவார்.

அண்ணனுடைய தம்பி காசு விஷயத்தில் கறாரானவர். கார் வந்த அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "வாரண்டி இருக்கற வரைக்கும் விக்கறவன் பாத்துக்கட்டும்ங்ண்ணா. அதுக்கப்புறம் கம்பெனிக் காசுல ஒரு நட்டுக்கூட வாங்கப்படாது. கெட்டு நின்னுச்சுன்னா வித்துப்போடோணும்." அண்ணனும் தலையாட்டினார். ஆக, இத்தாலிக்காரனின் வாரண்டி உள்ளவரைதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் உத்தரவாதம்.

வாரண்டி முடியப்போகும் நேரம் பார்த்து வண்டிக்கு ஒரு சீக்கு வந்தது. கொஞ்ச தூரம் ஓடிச் சூடாகிவிட்டால் மூன்றாம் கியர் விழாது. அழுத்தித் தள்ளினால் அம்மியில் கல்லுப்பை அரைக்கிற சத்தம் வரும். இரண்டாம் கியரிலேயே மணிக்கு நூறு கிலோமீட்டர் பறப்பேன் என்கிற ஜாதி வண்டிதான். ஆனால் இஞ்சின் அலறும். அண்ணன் எந்த மிஷினையும் அலறவிடுகிறவர் இல்லை. மாட்டு வண்டியைவிட ஒரு பிடி வேகமாக உருட்டிக்கொண்டு வருவார். நான் பம்பாய்க்கு எழுதினேன், டெலிபோனில் கத்தினேன், மறுபடி எழுதினேன். கடைசியில், வாரண்டி முடிவதற்குள் இத்தாலி இஞ்சினியர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், குறை என்று எதைக் காட்டினாலும் புதிதாக மாற்றிக் கொடுப்பார்கள் என்று பதில் வந்தது. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த பெரிய சண்டை அது.

இஞ்சினியர் வரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் வண்டியை அவிநாசி ரோட்டில் ஓட்டிச் சூடாக்க வேண்டும். சூட்டோடு அவரை உட்கார வைத்து மூன்றாம் கியர் போடச் சொல்ல வேண்டும். பேசுவதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மெதுவாக, "சாப்பாடு எப்பங்க?" என்று கேட்டார். வேலை முடிந்த பிறகு என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "ஊட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போடாம வேலையப் பத்திப் பேசறதுங்களா? நல்லா இருக்காதுங்க அம்மணி."

அங்கேதான் என் கோட்டை சரிந்தது. இத்தாலிக்காரர் வந்து இறங்கியதும் நேரே வீட்டுக்கு அழைத்துப்போய் இலை போட்டுவிட்டார்கள். ருக்குமணி அக்கா சந்தகையும் தேங்காய்ப்பாலும், நாட்டுக்கோழி வறுவலும், ஒப்புட்டும் என்று அடுக்கினார். அந்த மனிதர் இலையில் நூல் நூலாகக் கிடந்த சந்தகையைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பண்டம் இங்கே எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட்டார். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். அண்ணன் பக்கத்திலேயே நின்று, "அவருக்கு இன்னுங் கொஞ்சம் வெய்யி, ருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது சாப்பிட்டவனுக்குச் சொன்னது. எங்கள் ஊரில் அது போட்டவனையும் கட்டிப்போட்டுவிடும். தன் வீட்டு இலையில் சாப்பிட்டு எழுந்தவனைப் பார்த்து, நீ செய்த பொருள் ஓட்டை என்று எங்கள் ஆள் எவனும் சொல்ல மாட்டான்.

கை கழுவியதும், வீட்டை ஒட்டிய கம்பெனி வளாகத்தில் நின்ற காரை இத்தாலிக்காரர் சுற்றி வந்தார். காலையிலிருந்து நிழலில் நின்று கார் மண்பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. கம்பெனிக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றினார். மூன்றாம் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. இறங்கி வந்து, ஏதாவது குறை உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா மோர்ச் செம்போடு நின்றிருந்தார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன், என்றைக்கும் ஆங்கிலம் பேசாத அண்ணன், "நோ கம்ப்ளைன்ட்டுங்க. வெரி குட் வண்டிங்க" என்றார். நான், "கியர்" என்று ஆரம்பித்தேன். "அம்மணி, அவருக்கு மோர் ஊத்திக் குடுங்க" என்றார் அண்ணன். இத்தாலிக்காரர் மோரைக் குடித்துவிட்டு, எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போயே போய்விட்டார். வாரண்டியும் அவர் பின்னாலேயே போயிற்று.

அதற்குப் பிறகு பல நாள் அவரோடு நான் பேசவில்லை. ஃபைலை ரங்கன் கையில் கொடுத்து அனுப்பினேன். ஒரு நாள் அவரே என் மேசைக்கு வந்து நின்றார். "நாமளும் பம்புக்கு வாரண்டி குடுக்கறவங்க. அது முடியற வாரத்துல தோட்டத்துலருந்து மோட்டாரைத் தூக்கிட்டு வர்றவங்களப் பாத்தா நம்ம வயிறு என்னமா எரியுதுங்க? அவனும் அப்படித்தானுங்களே எரிவான்" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். இத்தாலிக் கம்பெனியின் வயிற்றெரிச்சலுக்கு இரக்கப்பட்ட ஒரே வாடிக்கையாளர் உலகத்தில் இவராகத்தான் இருப்பார். உங்கள் தம்பி காரை விற்றால் அக்கா மறுபடியும் உங்கள் பின்னந்தலையைத்தான் பார்க்க வேண்டும் என்று கடுப்பில் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஆனால் வண்டி நிற்கவில்லை. அதுதான் வேடிக்கை. சனிக்கிழமை தோறும் அண்ணனே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுப்பார். ஆயில் பார்ப்பார், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். மூன்றாம் கியரை மறந்தும் சீண்ட மாட்டார். ஞாயிறு காலையில் அந்தப் பந்தயக் கார் இரண்டாம் கியரில் அவிநாசிக்கு ஊர்ந்து போகும். டவுன் பஸ் முந்திக்கொண்டு போகும், கரும்பு லாரி முந்தும். ஒரு தடவை சைக்கிளில் பால் கேன் கட்டிய ஒருவர் பக்கத்திலேயே வந்து, "ஏனுங்க, வண்டி ரிப்பேருங்களா? தள்ளோணுமுங்களா?" என்று கேட்டாராம். அண்ணன் அதை என்னிடம் பெருமையாகச் சொன்னார். ஊர் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். தம்பிதான் விற்பதற்கு வழியில்லாமல் தவித்தார். கெட்டால்தானே விற்க முடியும்?

கருமாதி முடிந்த மத்தியானம் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். தம்பி மகன் வந்து, "பெரியம்மா, காரை ஒரு நல்ல மெக்கானிக்கிட்டக் காட்டி, கியரைச் சரி பண்ணிப்போடறேனுங்க" என்றான். "அதுல மட்டும் கை வெக்காத கண்ணு" என்றார் அக்கா. அவன் போனதும் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் அன்னைக்கு ரொம்பக் கோவமுங்க. அவுங்க மேல தப்பு இல்லீங்க அம்மணி. அந்தத் தொரை வர்றதுக்கு முந்துன ஞாயித்துக்கெழமை, கோயில்லருந்து வரும்போது நாந்தான் கேட்டேன். ஏனுங்க மாமா, இதைச் சரி பண்ணிப்போட்டா வெடுக்குனு ஊடு வந்துருமுங்களே, அப்படின்னு. அவுங்க ரோட்டையே பாத்துட்டு வந்தாங்க. அப்புறம் அவன் கேட்டப்போ, நோ கம்ப்ளைன்ட்டுன்னு சொல்லிப்போட்டாங்க."

கெடாமல் இருக்கத்தான் எல்லாரும் வண்டியைப் பராமரிப்பார்கள். இந்த மனிதர் ஒரு கோளாறு முற்றாமலும், ஆறாமலும், அப்படியே இருக்கும்படி இத்தனை வருடம் காருக்கு அடியில் படுத்து அதைப் பராமரித்திருக்கிறார். அத்தனை நேரம் அந்த வண்டியில் அப்படி என்னதான் பேசுவீர்கள் என்று அக்காவிடம் கேட்டேன். "பெருசா ஒண்ணுமில்லீங்க. மாட்டுத் தீவனம், மழை, யாரு ஊட்டுல என்ன விசேசம். பாதித் தூரம் பேசவே மாட்டோமுங்க" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது.

அண்ணனுடைய பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரர் பாங்கில் ஓய்வு பெற்றவர். எப்போதும் நாற்பதுக்கு மேல் கார் ஓட்ட மாட்டார். காலை அமுக்குங்கள், என்ன எருமையா மேய்க்கிறீர்கள் என்று கல்யாணமானதிலிருந்து அவர் காதில் ஓதிக்கொண்டே வந்தவள் நான். போன ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவிநாசிக்குப் போனோம். மொபெட்டில் போகிறவர்கள்கூட எங்களை முந்தினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது எத்தனை கஷ்டமான காரியம் என்று என்னை அறிந்தவர்களுக்குத் தெரியும். பாதி வழியில் அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஏன் அம்மணி, உடம்புக்கு முடியலையா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க, நீங்க மெதுவாவே போங்க" என்றேன். வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பட்டுமா என்று கேட்டார்.