பம்பா, பாட்டிலா?

கறுப்பு அட்டையை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதன்மீது தண்ணீரைப் பீய்ச்சுகிறார். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துளிகளை உற்றுப் பார்க்கிறார். "இது தூறல் இல்ல, எச்சில்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அட்டையைச் சட்டையில் துடைக்கிறார். காலை பத்து மணிக்கே சட்டை தெப்பலாக நனைந்திருக்கும். பட்டறைத் தெருவில் எல்லோருக்கும் அவர் ஈரக்கை அண்ணன்தான்.

டர்போ வைத்த கார்கள்தான் அவர் பிழைப்பு. டர்போ காற்றை அழுத்தித் திணிக்கும்போது காற்று சூடேறி, பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடிக்கும். என்ஜின் டிக்டிக்கென்று தட்டும். விட்டால் பிஸ்டன் உருகிவிடும். அந்தக் காற்றில் கொஞ்சம் தண்ணீர் தூவினால் அடங்கிவிடும். எப்படித் தூவுவது என்பதில்தான் மனிதர் எட்டு வருடமாக ஊரோடு மல்லுக்கு நிற்கிறார்.

கடையில் விற்கும் மின்பம்பைக் கண்டாலே ஆகாது. "ஒரு வயர் புட்டுக்கிச்சுன்னா பம்பு படுத்துடும். நம்ம பாட்டிலுக்கு வயரே கிடையாது. டர்போ காத்தே தண்ணியத் தள்ளிவிட்டுடும்." பாட்டில் அவரே செய்தது. அவருடைய மனைவியோ இஸ்திரி போடும் துணிக்குத் தண்ணீர் தெளிக்கப் பம்பைத்தான் எடுப்பார். "இதுதாங்க பூ மாதிரி தூவுது. உங்க பாட்டில் சட்டையக் குளிப்பாட்டுது." அப்போது மட்டும் அண்ணனுக்குக் காது மந்தமாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைப் பந்தயம். ஓட்டப்போவது அவர் தங்கை. இரண்டு வருடமாக அவள் பார்த்துப் பார்த்துக் கட்டிய என்ஜின். உருகினால் இன்னொன்று கிடையாது. பாட்டிலின் பெருமையைப் பார்க்கத் தெருவையே அழைத்திருந்தார் அண்ணன். சனிக்கிழமை காலை இரண்டையும் மாட்டி ஒப்பிட்டார். அளவுக் குவளையில் இரண்டும் நிமிடத்துக்கு ஒரே அளவு. "பாத்தீங்களா சார்?" என்று, வேடிக்கை பார்க்கப் போயிருந்த என் பக்கம் திரும்பி மீசையை நீவிக்கொண்டார்.

தங்கை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "அண்ணே, வளைவு தாண்டிச் சட்டுனு மிதிச்சா பாட்டில்ல தட்டுது. பம்புல தட்டல."

"உனக்குக் காது சரியில்ல" என்றவர், பாட்டிலிலிருந்து என்ஜினுக்குத் தண்ணீர் போகும் கண்ணாடி போன்ற குழாயை ஜன்னல் வழியாக இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அவளருகில் உட்கார்ந்தார். நான் பின்னால். அவள் மிதித்தாள். என்ஜின் தட்டியது. அதற்குப் பிறகுதான் தண்ணீர் குழாயில் சாவகாசமாக நகர்ந்து வந்தது. பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறும்வரை அது அசையவே இல்லை. எவ்வளவு வருகிறது என்று எட்டு வருடம் அளந்தவர், எப்போது வருகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. திரும்பும் வழியெல்லாம் மடியிலிருந்த குழாயையே பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத் தங்கை மெல்லச் சொன்னாள்: "பரவால்லண்ணே, பாட்டிலே இருக்கட்டும். நான் பாத்து மிதிச்சுக்கறேன். நாளைக்கு எல்லாரும் வர்றாங்கல்ல."

அவர் இறங்கி, சோதனைக்காக முன்பக்கம் கட்டியிருந்த பம்பைக் கழற்றினார். பின்பெட்டியில் அதை வைத்து நாலு திருகையும் இறுக்கினார். அங்கிருந்து முன்பக்கம்வரை இழுத்தால் பம்பின் குழாய் எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தார். கத்தரியை எடுத்து, பாட்டிலின் குழாயை அடியோடு வெட்டினார்.