நாக்குக்குத் தெரியாத சாப்பாடு

இத்தாலியில், பலேர்மோவின் வியா மக்வேதாத் தெருவிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. இவருக்கான பால் போத்தல்களை நான் அங்கேதான் எடுப்பேன். கடைக்காரர் வெள்ளைக் கோட்டுப் போட்ட, மரியாதை தெரிந்த மனிதர். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். "வனிலாவா, கோப்பியா, ஸ்ட்ரோபரியா, சிஞ்ஞோரா?" அந்தப் பால் வாய்ப்பக்கமே போவதில்லை. வயிற்றில் துளை போட்டுச் செருகிய மெல்லிய குழாய் வழியாக நேரே இரைப்பைக்குள் இறங்குகிறது. இரைப்பைக்கு வனிலா என்ன தெரியும், கோப்பி என்ன தெரியும்? ஆனாலும் இந்த நாட்டில் யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து யோசித்து, நாக்கில் படாத சாப்பாட்டுக்கும் மூன்று சுவை வைத்திருக்கிறான். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. இப்போது "வனிலா" என்று சொல்லிவிட்டுப் பையை நீட்டுகிறேன்.

கடைக்காரருக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. நான் லிபெர்த்தாத் தெருவில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். பால் அந்தக் கிழவிக்குத்தான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். "சிஞ்ஞோராவுக்கு எப்படி இருக்கிறது? பாவம், என் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்பார். என் மனிசனுக்கு என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவர் நல்ல பகிடி கேட்டவர் போலச் சிரித்தார். எங்களைப் போன்றவர்கள் இந்த ஊரில் நோயாளியைப் பார்க்கிற ஆட்கள். எங்கள் வீட்டிலும் ஒரு நோயாளி கிடப்பான் என்பது அவர்கள் கணக்கிலேயே இல்லை. நானும் விட்டுவிட்டேன்.

இவர் என்று நான் சொல்வது என் கணவர் அந்தோனியை. புருசன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. வாசிக்கிற உங்களுக்காக ஒருக்கால் சொல்லியாயிற்று, இனி இவர்தான். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைக்காரர். பலேர்மோவுக்கு வந்து ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவினார். ஆனால் எங்கள் சனத்துக்கு நடுவில் அவருக்கு வேறு பெயர் இருந்தது. கூழ் அந்தோனி. ஞாயிறு பூசை முடிந்த கையோடு நாலைந்து ஆம்பிளைகளைக் கூட்டிக்கொண்டு வுச்சீரியாச் சந்தைக்குப் போவார். மீன் விற்கிறவன் தலையென்று ஒதுக்கிக் குப்பையில் போடப் பார்ப்பதையெல்லாம் சிரித்துச் சிரித்து வாங்குவார். நண்டு, இறால், கணவாய். பலாக்கொட்டை கிடைக்காத ஊரில் கஸ்தாஞ்ஞா என்று இவர்கள் சுட்டுத் தின்னுகிற கொட்டையை அவித்துப் போடலாம் என்று கண்டுபிடித்ததும் இவர்தான். பொம்பிளைகளை அடுப்படிக்குள் விடமாட்டார். கடைசியில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்டும்போது ஒருவரும் கதைக்கக்கூடாது. "கதைச்சா கட்டிப்பட்டுப் போகும்" என்பார். சூட்டோடு சூடாகக் குடித்துவிட வேண்டும், ஆறினால் பசைதான் என்பதும் அவர் வாயால் ஆயிரம் தரம் கேட்டதுதான்.

அந்த வாய்தான் முதலில் போனது. நாக்கு புரளவில்லை. பூசையில் செபம் சொல்லும்போது சொற்கள் வழுக்கின. அந்தோனி காலமையே போட்டிட்டுக் கோயிலுக்கு வாறான் என்று எங்கள் ஆட்கள்தான் கதையைக் கிளப்பினார்கள். அவர் வைத்த கூழை மூன்றாம் தரமும் வாங்கிக் குடித்தவர்கள். சாப்பாட்டுக் கடை முதலாளியின் காதுக்கும் அது போனது. அடுத்த கிழமை கையிலிருந்து கோப்பைகள் விழுந்து உடைய, குடிகாரன் என்று சொல்லி நிறுத்திவிட்டான். பிறகு ஆஸ்பத்திரியில் மிக நீளமான ஒரு பெயரைச் சொன்னார்கள். நரம்புகள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்துபோகிற வருத்தம், மருந்தில்லை, புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாயிருக்கும் என்றார்கள். அதை ஒரு நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்கள்.

ஊருக்கு எடுத்துக்கொண்டு வா, எண்ணெய் தேய்த்தால் எழும்பி நடப்பான் என்று சொன்ன உறவுகள் உண்டு. அது யாழ்ப்பாணமே சண்டையில் பெட்டியும் பாயுமாய் இடம்பெயர்ந்த வருசம். சொன்னவர்களே ஒரு பள்ளிக்கூடத்து மூலையில் படுத்திருந்தார்கள். அங்கே இத்தாலியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும், வெள்ளைக்காரன் கைவிடமாட்டான் என்று மற்றக் கூட்டம். ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். வெளிநாட்டில் வருத்தம் வந்தால் மாறிவிடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். இங்கே மாறாத வருத்தத்துக்கு வடிவான குழாய் இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தக் குழாயோடு பட்ட பாட்டைச் சொன்னால் தாங்கமாட்டீர்கள். துளை சிவக்கும், சீழ் கட்டும். தலைமாட்டை உயர்த்தாமல் பால் விட்டால் அது மேலே ஏறி நெஞ்சுக்குள் போகும். வேகமாய் விட்டால் வயிறு ஊதும், மெதுவாய் விட்டால் வேலைக்குப் பிந்தும். ஒவ்வொரு முறையும் வெந்நீர் விட்டுக் கழுவாவிட்டால் அடைக்கும். இவ்வளவையும் செய்துவிட்டு லிபெர்த்தாவுக்கு ஓடினால், அங்கே சிஞ்ஞோரா நான் ஊட்டுகிற சூப்பை என் முகத்தில் துப்புவாள். நல்ல வாய், நல்ல தொண்டை, விழுங்க மனமில்லை. எத்தனையோ நாள் அந்தக் கரண்டியோடு நின்று, கடவுளே உனக்குக் கண் இல்லையா என்று மனதுக்குள் ஏசியிருக்கிறேன்.

நான் வேலையில் நிற்கும்போது இவரோடு இருக்க எங்கள் கோயில் பங்கு ஆட்கள் முறை வைத்து வந்தார்கள். குடிகாரன் என்று கதை கட்டிய அதே ஆட்கள்தான். குற்ற மனசோ, இரக்கமோ, நான் ஆராயவில்லை. அவர்கள் வராவிட்டால் நான் வேலைக்குப் போக முடியாது. வேலை போனால் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க முடியாது. அது போனால் இருவருக்கும் இந்த நாடே இல்லை. ஆகவே வந்தவர்களுக்கெல்லாம் சிரித்தபடி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அவர்களில் யோசேப்பு அண்ணை இவருடைய பழைய கூழ்க் கூட்டாளி. கொழும்பிலிருந்து வந்த யாரோ அவருக்கு ஒரு பை ஒடியல் மா கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். "தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை உங்கடை வீட்டிலை காய்ச்சுவம். அவன் பாத்துக்கொண்டெண்டாலும் இருக்கட்டும்" என்றார். எனக்கு விருப்பமில்லை. குடிக்க முடியாதவனுக்கு முன்னால் சட்டி வைப்பது என்ன அன்போ தெரியவில்லை. ஆனால் இவரைக் கேட்டபோது கண்ணை ஒருக்கால் மூடினார். ஒருக்கால் மூடினால் ஓம், இரண்டு தரம் மூடினால் இல்லை. அதுதான் எங்களுக்கு மிஞ்சிய மொழி.

அந்த ஞாயிறு சிஞ்ஞோராவின் மகள் திடீரென்று கூப்பிட்டுவிட்டாள். காலைப் பாலை விட்டுவிட்டுப் போனேன். பின்னேரம் திரும்பிப் படியேறும்போதே கூழ் வாசம். உள்ளே ஆட்கள் சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார்கள். யோசேப்பு அண்ணையின் முகத்தில் ஒரு பெருமிதம். நான் கையைக் கழுவிவிட்டு வெந்நீர் எடுத்துக் குழாயில் விட்டேன். இறங்கவில்லை. அமத்தினேன். கல்லு மாதிரி நின்றது.

"என்ன விட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லைத் தங்கச்சி, கொஞ்சக் கூழ்தான். தேத்தண்ணி வடியிலை நல்லா வடிச்சு, மிளகாய்த்தூளும் குறைச்சுத்தான் விட்டனான். நாங்கள் குடிக்க அவன் பாத்துக்கொண்டு கிடக்கிறான், எனக்கு மனம் கேக்கேல்லை. வாய் என்ன, வயிறு என்ன, போய்ச் சேருற இடம் ஒண்டுதானே?"

"அறிவிருக்கோ உங்களுக்கு! கூழ் இறுகும் எண்டு தெரியாதே?"

"அவனைக் கேட்டுத்தான் விட்டனான். உனக்கும் விடட்டோடா எண்டு கேட்டன். கண்ணை மூடினவன்."

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன். யோசேப்பு அண்ணை கையில் துடைத்துணியோடு அழுதார். அழுகிற மனிதரை மேலும் ஏச முடியாமல் போனது இன்னும் எரிச்சலாயிருந்தது. அவரும் மற்றவர்களும்தான் கதிரையோடு இவரைத் தூக்கிப் படியிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே ஒரு இளம் டொக்டர். குழாயைப் பார்த்தார். என்ன விட்டீர்கள் என்று கேட்டார். மீன் சூப் என்றேன். சூப் இப்படி இறுகாது என்றார். மா சேர்த்தது என்றேன். என்ன மா? எனக்குத் தெரிந்த இத்தாலியனில் பனைக்குக் கிட்டிய சொல் பல்மா. பல்மாவின் கிழங்கை, முளையை, வேர் மாதிரி ஒன்றைக் காயவைத்து இடித்த மா என்று கையாலும் வாயாலும் விளக்கினேன். அவர் ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினார். தெருவோரம் அழகுக்கு நட்ட பல்மா நின்றது. "அதன் வேரையா கொடுத்தீர்கள்? இது உங்கள் நாட்டு வைத்தியமா?" இல்லை, சாப்பாடு என்றேன். அவர் நம்பவில்லை. நாட்டு மூலிகை என்று ஏதோ எழுதிக்கொண்டார். "சிஞ்ஞோரா, இது ஐரோப்பா. இங்கே மந்திர வேர்கள் வேண்டாம்" என்றார். மாட்டு மண்ணீரலைக் கொழுப்பில் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தெருவில் நின்று தின்னுகிற ஊர் இது. நாங்கள் ஏதாவது சொன்னோமா? கேட்க வாய் உன்னியது. ஆனால் அதற்குள் அவர் அடுத்ததைச் சொன்னார். அடைப்பு எடுபடாவிட்டால் குழாயை மாற்ற வேண்டும், அதற்கு மயக்க வேண்டும், இவருடைய மூச்சு இப்போது இருக்கிற நிலையில் மயக்கினால் திரும்புவார் என்று சொல்ல முடியாது. குழாய் இல்லாவிட்டால் சாப்பாடும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் என் மனிசனின் உயிர் ஒரு வாய்க் கூழில் நின்றது.

நடுவயதுத் தாதி ஒருத்தி வந்தாள். ஏதோ பொடியை வெந்நீரில் கரைத்து, சின்ன ஊசிப்பம்பால் கொஞ்சம் உள்ளே அமத்துவதும் கொஞ்சம் வெளியே இழுப்பதுமாக இருந்தாள். நான் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே மாதா கோயில் மணி அடித்தது. செபம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், ஒன்றும் வரவில்லை. கடைசியில் பம்புக்குள் மண்ணிறமாய் ஒரு துண்டு வந்தது. அதோடு வாசமும் வந்தது. இறால், புளி, செத்தல் மிளகாய், ஒடியலின் அந்தக் கசப்பு வாசம். தாதி மூக்கைச் சுளிப்பாள் என்று பார்த்தேன். அவள் பம்பைக் கிட்டப் பிடித்து மணந்துவிட்டு, "நல்லாயிருக்கிறதே, இது என்ன சாப்பாடு?" என்றாள். அந்த ஆஸ்பத்திரியில் அதைச் சாப்பாடு என்று சொன்னவள் அவள் ஒருத்திதான். நான் சுவரோடு சாய்ந்து ஓவென்று அழுதேன். இவர் மூக்கு விரிய அந்த வாசத்தை இழுத்துக்கொண்டு கிடந்தார்.

வீட்டுக்கு வந்து, ஆட்கள் போனபிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் மனம் விடவில்லை. ஊர் முழுக்கக் கூழ் காய்ச்சிக் கொடுத்தவர் இவர். குழாய்க்குள் போனாலும் ஆறிப் பசையாகும் என்று யோசேப்பு அண்ணைக்குத் தோன்றாமல் போகலாம். இவருக்குத் தெரியாமல் போகுமா?

"குழாய்க்குள்ள கட்டிப்படும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

கண்ணை ஒருக்கால் மூடினார்.

"தெரிஞ்சுதான் ஓம் எண்டனீங்களோ?"

திரும்பவும் ஒருக்கால்.

"அடைக்கட்டும், போய்ச் சேருவம் எண்டோ?"

மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார், கண்ணோரத்தால் தண்ணி வழியும்வரை. அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். நான் ஒன்றையும் எடுக்கவில்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்னை இந்தச் சனத்துக்குள்ள தனிய விட்டிட்டுப் போகவோ? உங்களுக்கு அவ்வளவு சுகமாய்ப் போச்சுதோ?" என்று கத்தினேன். கையாலாகாத மனிதரைப் பார்த்துக் கத்தினேன். பிறகு எழும்பிக் குசினிக்குப் போனேன். அடுப்பில் யோசேப்பு அண்ணை எனக்கென்று மூடிவைத்த கூழ் இருந்தது. சூடாக்கினேன். கோபத்தோடுதான் சூடாக்கினேன். விரல் நுனியில் ஒரு பொட்டுத் தொட்டு ஊதி, இவருடைய வாயைத் திறந்து நாக்கில் வைத்தேன்.

வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை. விழுங்க இல்லை, தடவ மட்டும் என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அந்த முகத்தில் அப்போது நடந்ததை எழுத எனக்குத் தமிழ் காணாது. குழாய் வைத்த நாளிலிருந்து அவருடைய முகத்தில் பசி என்ற ஒன்றை நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னச் சட்டியில் கூழ் வைக்கிறேன். அன்றைக்கு மட்டும் மற்றவர்களுக்குக் கதவு திறப்பதில்லை. மீன் தலைக்கு வுச்சீரியாவுக்கு நானே போகிறேன். ஒரு பொட்டை நாக்கில் தடவிவிட்டு, மிச்சத்தை அவருக்கு முன்னால் இருந்து நான் குடிக்கிறேன், அவர் அதைத்தான் விரும்புகிறார். பிறகு ஈரத் துணியால் நாக்கைத் துடைத்து, தலைமாட்டை உயர்த்தி, மருந்துக்கடைப் போத்தலைத் திறக்கிறேன். அறையெல்லாம் வனிலா. பம்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறேன்.

"இனிப் பால் விடட்டோ?"

உடனே மூடமாட்டார். என்னைப் பார்ப்பார். அந்த நேரத்தில் நான் அவருடைய இமையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு ஞாயிறும் அதே பயம்தான், இன்றைக்கு இரண்டு தரம் மூடிவிடுவாரோ என்று. பிறகு மெல்ல, எனக்காக, ஒருக்கால் மூடுவார்.

நான் பாலை விடுகிறேன். அவருடைய நாக்கில் ஊர் இருக்கிறது. வயிற்றில் இத்தாலி இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு தொண்டை கிடக்கிறது, அதால் ஒன்றும் போவதுமில்லை, வருவதுமில்லை.