ஒரே ஹாஷில் இருந்த ரேவதிகள்

1. தொலைந்த பென்ட்ரைவ்

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருந்தது அந்தக் கல்யாண சேவை அலுவலகம். கணினிப் பொறுப்பாளனாக நான் போய்ச் சேர்ந்த முதல் நாளே பிரச்சினை. இணையத்தளத்தைப் புதிய சேர்வருக்கு மாற்றவந்த கொன்ட்ராக்ட்காரர், அங்கத்தவர்களின் பெயரும் பாஸ்வேட்டும் பதிந்த லொகின் டேபிளை ஒரு பென்ட்ரைவில் கொப்பி பண்ணிக்கொண்டு போயிருந்தார். தெஹிவளையில் ரயிலைவிட்டு இறங்கித் தடவிப் பார்த்தால் சட்டைப்பையில் அது இல்லை.

அலுவலகத்தை நடத்தியவர் மங்கையக்கா. வரன் தேடி வந்த அத்தனை பேரின் நட்சத்திரமும் அவருக்கு மனப்பாடம். ஆளின் பெயர் மறந்தாலும் நட்சத்திரம் மறக்கமாட்டார்.

"பயப்பிட ஒண்டுமில்லையாம் தம்பி. பாஸ்வேட் எல்லாம் ஹாஷ் பண்ணித்தான் இருக்குதாம்," என்றார்.

"எண்டாலும் சைட்டை நிப்பாட்டி, எல்லாரையும் பாஸ்வேட் மாத்தச் சொல்லுவம் அக்கா."

"உமக்கென்ன விசரே? தை பிறக்கப் போகுது. சைட்டில பிழையெண்டு கதை போனா ஒரு தாய் தகப்பன் இஞ்ச எட்டிப் பாப்பினமே?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒவ்வொருவரின் லொகினுக்குள்ளும் அலுவலகத்துக்கு மட்டும் என்று அவர்கள் எழுதிவைத்த விஷயங்கள் இருந்தன. முறிந்த சம்மந்தம், பழைய நோய், வீட்டுச் சண்டை. அது ஊர் வாயில் விழுந்தால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன?

2. எல்லோருக்கும் ஒரே வரிசையா?

ஹாஷ் என்பது பாஸ்வேட்டை அரைத்து ஒரு நீண்ட எழுத்து வரிசையாக்கிவிடுவது. அரைத்த சம்பலைத் திரும்பத் தேங்காயாக்க முடியாததுபோல, அந்த வரிசையிலிருந்து பாஸ்வேட்டைத் திருப்பி எடுக்க முடியாது. கொன்ட்ராக்ட்காரரின் தைரியம் அதுதான்.

இந்த வேலைக்குக் கொஞ்சம் விடுப்புக் குணம், அடுத்தவர் சங்கதியைத் துருவும் ஆசை, வேண்டும். எனக்கு அது பிறவியிலேயே உண்டு. சேர்வரில் இருந்த டேபிளைத் திறந்து பார்த்தேன். ஒரே வரிசை பலருடைய பெயருக்கு எதிரே இருந்தது. வேறொரு வரிசை வேறு பலருக்கு. ஒரே பாஸ்வேட்டை அரைத்தால் ஒரே வரிசைதான் வரும். அப்படியானால் முன்பின் தெரியாத இத்தனை பேர் எப்படி ஒரே பாஸ்வேட்டை யோசித்தார்கள்?

கவுண்டரில் இருந்த பரீனாவிடம் கேட்டேன்.

"மறக்காத ஒண்டைப் போடுங்கோ எண்டுதான் நான் சொல்றது. கையில சாதகத்தோட வாற ஆக்கள்தானே. நட்சத்திரத்தைப் போடுறாங்க," என்றாள்.

நட்சத்திரப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதக்கூடிய எல்லா விதமாகவும் எழுதி, ஹாஷ் செய்து, டேபிளோடு ஒப்பிட்டேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் பாதி டேபிள் திறந்துவிட்டது. ஒரு ரேவதி அகப்பட்டதும் எல்லா ரேவதியும் அகப்பட்டன.

மங்கையக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயர் ஒரு பக்கம், பாஸ்வேட் மறுபக்கம். விரலை ஓட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"இது கொட்டாஞ்சேனைப் பவானியெல்லோ? ரீச்சர். அந்தப் பிள்ளை அத்தம். ஏன் ரேவதி எண்டு கிடக்குது?"

கேட்டு முடிக்கும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"போன வருஷம் நான் பேசின சம்மந்தம் தம்பி. இவளுக்கு நல்ல விருப்பம். தாய்தான் வேண்டாமெண்டு குழப்பினவ. அந்தப் பொடியன் ரேவதி."

பிறகு மெதுவாகச் சொன்னார். "தாய் கண்டா இவளை உயிரோட விடமாட்டா. சைட்டை நிப்பாட்டும்."

3. ஆளுக்கொரு சோல்ட்

அன்று செய்த வேலை இதுதான். ஒவ்வொரு அங்கத்தவருக்கும் கணினியே எழுந்தமானமாக, எந்த ஒழுங்குமில்லாமல், ஒரு எழுத்துத் துண்டைக் கொடுக்கும். அதன் பெயர் சோல்ட், அதாவது உப்பு. பாஸ்வேட்டோடு அதைச் சேர்த்துத்தான் ஹாஷ் செய்யவேண்டும். இரண்டு பேர் ஒரே பாஸ்வேட்டைப் போட்டாலும் வரிசைகள் வெவ்வேறாக வரும்.

"அந்தத் துண்டை எங்க ஒளிக்கிறது?" மங்கையக்கா கேட்டார்.

"ஒளிக்கத் தேவையில்லை அக்கா. அதே டேபிளில்தான் கிடக்கும்."

"அப்ப கள்ளனுக்கும் அது கிடைக்குமெல்லோ?"

"கிடைக்கட்டும். முந்தி ஒருக்கா அரைச்சு வைச்சா அவன் எல்லாரோடயும் ஒப்பிடலாம். இனி ஒவ்வொரு ஆளுக்கும் முதலில இருந்து அரைக்கவேணும். நான் ஹாஷையும் மெதுவாக அரைக்கிறதாப் போட்டிருக்கிறன். அவனுக்குக் கை ஓஞ்சுபோகும்."

அவருக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒரு ஆளையே குறிவைத்துத் தேடுபவனுக்கு இருபத்தேழு நட்சத்திரம் ஒரு வேலையே இல்லை. எனவே வெறும் நட்சத்திரப் பெயரை ஏற்காதே என்று கணினிக்கு ஒரு விதியும் எழுதினேன். பழைய பாஸ்வேட் எல்லாவற்றையும் செல்லாமலாக்கி, புதிது வைக்கச் சொல்லி எல்லோருக்கும் எஸ்எம்எஸ் அனுப்பினோம்.

மறுநாள் பவானி நேரிலேயே வந்துவிட்டாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"அண்ணை, என்ர பழைய பாஸ்வேட்டை ஆரும் பாத்திருப்பினமோ?"

சாதகக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மங்கையக்கா நிமிராமலே சொன்னார்: "உன்ர அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை."

பவானி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதல் தடவை கணினி ஏற்க மறுத்து டிங் என்றது. அவள் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாம் தடவை நிறைய நேரம் தட்டினாள். கணினி ஏற்றுக்கொண்டது.

அவள் போனபின் டேபிளைப் பார்த்தேன். அவளுடைய வரிசை இப்போது வேறு யாருடையதையும் போல இல்லை. நீளமாகத் தட்டியதற்குள் ரேவதி இருந்ததா என்று அறிய என் விடுப்புக் குணம் எவ்வளவோ துடித்தது. அறிய வழியிருக்கவில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: பொறுப்பாளனுக்கே தெரியாதபடி செய்துவைத்தால்தான் வேலை முடிந்தது.